திஸ், தட், தீஸ், தோஸ்: ஆங்கிலச் சுட்டுச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே 'திஸ் இஸ் எ பென்' வந்துவிடும். அதனாலேயே பலர் இதை முதல் வாரத்தோடு முடிந்துபோன பாடமாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பல வருடம் ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவர்களின் கடிதங்களில்கூட 'திஸ் ரிப்போர்ட்ஸ்', 'தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ்' என்று பார்க்கிறேன். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தரும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இந்தச் சொற்கள் காது வழியாகத்தான் பழகும்.

ஆங்கிலத்தில் சுட்டுச்சொற்கள் மொத்தம் எத்தனை?

முக்கியமானவை நான்கு. பக்கத்தில் இருக்கிற ஒன்றுக்கு 'திஸ்', பலவற்றுக்கு 'தீஸ்'. தள்ளி இருக்கிற ஒன்றுக்கு 'தட்', பலவற்றுக்கு 'தோஸ்'. தமிழ் இலக்கணத்தில் அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று படித்திருப்போம். அதே பிரிவுதான் இது. 'இ' என்றால் பக்கம், 'அ' என்றால் தூரம். இங்கே, அங்கே என்னும் பொருளில் வரும் 'ஹியர்', 'தேர்' இரண்டும் சுட்டுகிற சொற்கள்தான். ஆனால் அவை இடத்தைச் சுட்டுபவை, ஒருமை பன்மைக்கு ஏற்ப மாறாதவை. நமக்குச் சிக்கல் தருவது முதலில் சொன்ன நான்கும்தான்.

'இது' என்றாலும் திஸ், 'இந்த' என்றாலும் திஸ். எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது?

தமிழில் பெயருக்கு முன்னால் வந்தால் 'இந்த', தனியாக நின்றால் 'இது'. ஆங்கிலத்தில் சொல் அப்படியே இருக்கும், அது நிற்கிற இடம்தான் மாறும். 'திஸ் பேக் இஸ் ஹெவி' என்றால் இந்தப் பை கனமாக இருக்கிறது. 'திஸ் இஸ் ஹெவி' என்றால் இது கனமாக இருக்கிறது. அடுத்து வருவது பெயர் என்றால் 'இந்த', வினை என்றால் 'இது' என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வாக்கியங்களுக்குப் பொருந்தும். இலக்கணத்தில் முதலாவதைச் சுட்டுப் பெயரடை என்றும் இரண்டாவதைச் சுட்டுப் பெயர் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை.

'திஸ் புக்ஸ்' ஏன் தப்பு? தெரிந்திருந்தும் அது ஏன் வாயில் வந்துவிடுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

தமிழில் 'இந்தப் புத்தகம்' என்கிறோம், 'இந்தப் புத்தகங்கள்' என்றும் சொல்கிறோம். பொருள் ஒன்றானாலும் நூறானாலும் 'இந்த' மாறாது. ஆங்கிலத்திலும் பெயருக்கு முன்னால் வரும் மற்றச் சொற்கள் இப்படித்தான் இருக்கின்றன. 'ரெட் புக்', 'ரெட் புக்ஸ்' இரண்டிலும் ரெட் ஒன்றுதான். 'மை புக்', 'மை புக்ஸ்' என்பதில் மை மாறவில்லை. 'தி'யும் மாறாது. சுட்டுச்சொற்கள் மட்டும்தான் பின்னால் வரப்போகிற பெயர் ஒருமையா பன்மையா என்று பார்த்து உருவம் மாறுகின்றன. அதனால் 'இந்த'வுக்குப் பழகிய நம் வாய் யோசிக்காமல் திஸ் என்று ஆரம்பித்துவிடுகிறது. பெயர் வந்து சேரும்போதுதான் அது பன்மை என்று தெரிகிறது. அதற்குள் திஸ் வாயைவிட்டுப் போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. எண்ணுப்பெயர் வந்தால் தமிழில் 'கள்' போடாமலே பேசுகிறோம். 'இந்த மூணு புத்தகம்' என்பது நமக்கு முழுமையான வாக்கியம். அதை அப்படியே கொண்டுபோனால் 'திஸ் த்ரீ புக்' ஆகிவிடும். சரியானது 'தீஸ் த்ரீ புக்ஸ்'. பேச்சில் 'இவை' என்பதும் நம்மிடம் இல்லை, 'இதெல்லாம் என்ன?' என்றுதான் கேட்கிறோம். ஆங்கிலத்தில் அங்கே 'வாட் ஆர் தீஸ்?' வர வேண்டும்.

ஆக, விதி தெரியாததால் வருகிற தப்பு இல்லை இது. நம் மொழி பார்க்காத ஒன்றை ஆங்கிலம் பார்க்கிறது, அவ்வளவுதான். எனவே பெயரை முதலில் மனதில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற சுட்டைத் தேர்ந்தெடுக்கப் பழக வேண்டும். நடுவில் எத்தனை அடைமொழி வந்தாலும் கண் கடைசியில் இருக்கும் பெயர் மேலேயே இருக்கட்டும். 'தீஸ் ஓல்ட் வுடன் பாக்ஸஸ்' என்பதில் ஓல்ட், வுடன் எதுவும் சுட்டைத் தீர்மானிப்பதில்லை, பாக்ஸஸ்தான் தீர்மானிக்கிறது. அதே பாக்ஸஸ்தான் வினையையும் தீர்மானிக்கிறது: 'தீஸ் ஓல்ட் வுடன் பாக்ஸஸ் ஆர் எம்ப்டி'. சுட்டு, பெயர், வினை மூன்றும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

என் வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி தருவேன். பக்கத்தில் கண்ணில் படும் பொருள்களின் பெயரை மட்டும் முதலில் சொல்ல வேண்டும்: 'ஷூஸ்', 'டேபிள்', 'விண்டோஸ்'. பிறகு சுட்டைச் சேர்த்து இன்னொரு முறை: 'தீஸ் ஷூஸ்', 'திஸ் டேபிள்', 'தோஸ் விண்டோஸ்'. பெயர் முன்னாலேயே மனதில் வந்துவிடுவதால் சுட்டு தானாகச் சரியாக வந்து உட்காரும். தினமும் ஐந்து நிமிடம் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்ஃபர்மேஷன் நிறைய இருந்தால் 'தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ்' என்று சொல்லலாமா?

கூடாது. ஆங்கிலத்தில் சில பெயர்களை எண்ண முடியாதவையாகவே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு இருந்தாலும் அவை ஒருமைதான். இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மெண்ட், ஹோம்வொர்க், சாஃப்ட்வேர், ட்ராஃபிக் எல்லாம் இந்த வகை. பத்துப் பெட்டி தூக்கிக்கொண்டு போனாலும் 'திஸ் லக்கேஜ் இஸ் மைன்' என்றுதான் சொல்ல வேண்டும். எண்ணியே ஆக வேண்டும் என்றால் எண்ணக்கூடிய ஒரு சொல்லை முன்னால் வையுங்கள்: 'தீஸ் பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்', 'தீஸ் டூ பீசஸ் ஆஃப் அட்வைஸ்'. தீஸ் இங்கே பீசஸுக்காக வருகிறது. 'தகவல்கள்', 'அறிவுரைகள்' என்று தமிழில் கள் போட முடிவதால்தான் நமக்கு இந்த இடத்தில் தடுமாற்றம்.

'டேட்டா' மட்டும் தனிக் கதை. மூலத்தில் அது பன்மைச் சொல், ஒருமை 'டேட்டம்'. அறிவியல் கட்டுரைகளில் 'தீஸ் டேட்டா ஆர்' என்று எழுதுவது உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் 'திஸ் டேட்டா இஸ்' என்பதுதான் அதிகம். இரண்டும் ஏற்கப்படுகின்றன. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

'ஸ்' என்று முடிந்தால் பன்மை என்று வைத்துக்கொள்ளலாமா?

நம்பி இறங்க முடியாத அடையாளம் அது. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' இரண்டும் ஸ் என்று முடிந்தாலும் ஒருமை: 'திஸ் நியூஸ் இஸ் குட்'. அதற்கு எதிராக 'பீப்பிள்', 'சில்ட்ரன்', 'போலீஸ்' ஸ் விகுதி எடுக்காமலே பன்மை: 'தோஸ் பீப்பிள் ஆர் வெயிட்டிங்'. 'திஸ் பீப்பிள்' என்று ரொம்பப் பேர் சொல்கிறார்கள். அதே மாதிரி 'க்ரைட்டீரியன்' ஒருமை, 'க்ரைட்டீரியா' பன்மை. ஆகவே 'தீஸ் க்ரைட்டீரியா'.

கத்தரிக்கோல் கையில் ஒன்றுதான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் அது 'தீஸ் சிஸர்ஸ்'. இரண்டு பாதி சேர்ந்த பொருள்களான ட்ரவுசர்ஸ், ஜீன்ஸ், கண்ணாடி என்ற பொருளில் வரும் கிளாசஸ் எல்லாம் இப்படித்தான். ஒருமையாகச் சொல்ல வேண்டும் என்றால் 'திஸ் பேர் ஆஃப் சிஸர்ஸ்'.

எனக்குப் பிடித்த உதாரணம் 'ஷீப்'. ஒரு ஆடும் ஷீப், ஆயிரம் ஆடும் ஷீப். 'திஸ் ஷீப்' என்றால் ஒன்று, 'தீஸ் ஷீப்' என்றால் பல. பெயர் சொல்லாத எண்ணிக்கையைச் சுட்டுச்சொல் சொல்லிவிடுகிறது. 'சீரீஸ்' என்ற சொல்லும் அப்படியே.

திஸ், தீஸ் இரண்டும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. எப்படி உச்சரிப்பது?

முதல் ஒலியில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. 'அது', 'இது' என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வரும் 'து'வில் நாக்கு பல்லை அழுத்தாமல் லேசாகத் தொட்டும் தொடாமலும் போகிறது, தொண்டையிலும் அதிர்வு இருக்கிறது. ஆங்கிலச் சுட்டுச்சொற்கள் நான்கின் தொடக்க ஒலியும் அதற்கு மிக நெருக்கம். 'தம்பி' என்று சொல்லும்போது வரும் அழுத்தமான 'த' இங்கே வேண்டாம். 'இது' என்பதில் இ-யை விட்டுவிட்டு அந்த மென்மையோடு தொடங்கினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து உயிரொலி. திஸ் குறில், தீஸ் நெடில். தமிழர்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு கைவந்த கலை, ஆனால் ஆங்கிலம் பேசும் அவசரத்தில் தீஸையும் குறுக்கிவிடுகிறோம். நன்றாக இழுத்தே சொல்லுங்கள்.

மூன்றாவது, கடைசி ஒலி. திஸ் என்பதன் முடிவில் காற்று மட்டும் சீறும். தீஸ், தோஸ் இரண்டின் முடிவிலும் தேனீயின் ரீங்காரம் போல ஒரு அதிர்வு இருக்கும். தமிழ் எழுத்தில் அந்த ஒலியைத் தனியாகக் காட்ட வழியில்லை, அதனால் இங்கே 'ஸ்' என்றே எழுதுகிறேன். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்: தீஸ் சொல்லும்போது கடைசிவரை அதிர வேண்டும், திஸ் சொல்லும்போது முடிவில் அதிர்வு நின்றுவிட வேண்டும்.

'தீஸ் கைண்ட் ஆஃப்' சரியா, 'திஸ் கைண்ட் ஆஃப்' சரியா?

சுட்டு ஒட்டிக்கொள்வது கைண்ட் என்ற சொல்லோடு. அது ஒருமை என்றால் திஸ், பன்மை என்றால் தீஸ்: 'திஸ் கைண்ட் ஆஃப் ப்ராப்ளம்', 'தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் ப்ராப்ளம்ஸ்'. 'தீஸ் கைண்ட் ஆஃப் ப்ராப்ளம்ஸ்' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பேச்சில் யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் தவிர்ப்பது நல்லது. சந்தேகம் வந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: 'ப்ராப்ளம்ஸ் ஆஃப் திஸ் கைண்ட்'. இதில் யாரும் குறை சொல்ல இடமில்லை. 'சார்ட்', 'டைப்' ஆகியவற்றுக்கும் இதே வழி.

'ஒன் ஆஃப் திஸ் ஸ்டூடண்ட்' சரியா?

பலரில் ஒருவர் என்பதால் பலர் இருக்க வேண்டும். 'ஒன் ஆஃப் தீஸ் ஸ்டூடண்ட்ஸ்'. ஆனால் வினை அந்த 'ஒன்'னுக்கு ஏற்ப ஒருமையாகவே வரும்: 'ஒன் ஆஃப் தீஸ் ஸ்டூடண்ட்ஸ் இஸ் ஆப்சென்ட்'. 'ஈச் ஆஃப் தீஸ்' என்றாலும் வினை ஒருமைதான்.

'தீஸ் ஆல் ஆர் மை புக்ஸ்' என்று சொன்னால் ஏன் திருத்துகிறார்கள்?

'இவையெல்லாம்' என்பதில் சுட்டு முதலில், எல்லாம் பிறகு. அந்த வரிசை ஆங்கிலத்தில் அப்படியே வராது. 'ஆல் தீஸ் ஆர் மை புக்ஸ்' என்று ஆல் முன்னால் போக வேண்டும், அல்லது 'தீஸ் ஆர் ஆல் மை புக்ஸ்' என்று வினைக்குப் பின்னால் போக வேண்டும். 'போத்' என்ற சொல்லும் இப்படித்தான்: 'போத் தீஸ் ரூம்ஸ்'. எண்ணுப்பெயர் மட்டும் சுட்டுக்குப் பின்னால் வரும்: 'தீஸ் டூ ரூம்ஸ்'. எண்ண முடியாத பெயர் என்றால் 'ஆல் திஸ்': 'ஆல் திஸ் வொர்க்'.

'திஸ் மை பேக்' என்று சொல்லலாமா?

இதில் இரண்டு விதமான தப்பு ஒளிந்திருக்கிறது. 'இது என் பை' என்று சொல்ல நினைத்திருந்தால் நடுவில் 'இஸ்' விட்டுப்போயிருக்கிறது. தமிழில் அங்கே வினை தேவையில்லை, ஆங்கிலத்தில் கட்டாயம்: 'திஸ் இஸ் மை பேக்'. 'என்னுடைய இந்தப் பை' என்று சொல்ல நினைத்திருந்தால், ஆங்கிலத்தில் ஒரு பெயருக்கு முன்னால் திஸ், மை இரண்டும் சேர்ந்து உட்காராது. 'தி'யும் கூட வராது. அப்போது 'திஸ் பேக் ஆஃப் மைன்' என்று சொல்ல வேண்டும். 'தட் ஃப்ரெண்ட் ஆஃப் யுவர்ஸ்' என்றால் உங்களுடைய அந்த நண்பர்.

ஒருவரை அறிமுகப்படுத்தும்போது 'ஹி இஸ் மை பிரதர்' என்று சொல்லக் கூடாதா?

இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் அறிமுகத்துக்கு ஏற்ற வாக்கியம் அது இல்லை. தமிழில் 'இவர் என் அண்ணன்' என்கிறோம். 'இவர்' என்பதில் சுட்டும் இருக்கிறது, ஆள் என்பதும் இருக்கிறது. ஆங்கில 'ஹி'யில் சுட்டு இல்லை. முன்பே தெரிந்த ஒருவரைக் குறிக்கிற சொல் அது. அதனால் முதல் வாக்கியம் 'திஸ் இஸ் மை பிரதர்' என்று இருக்கட்டும். அறிமுகம் முடிந்த பிறகு 'ஹி வொர்க்ஸ் இன் எ பேங்க்' என்று ஹிக்குப் போகலாம். 'திஸ்' என்றால் அஃறிணை மாதிரி, மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நம் மொழியிலிருந்து வருவது, நல்ல மனதிலிருந்தும் வருவது. ஆனால் ஆங்கிலத்தில் அங்கே திஸ்தான் மரியாதை. பெற்றோரை அறிமுகப்படுத்தும்போது 'தீஸ் ஆர் மை பேரண்ட்ஸ்'.

ஒரு எல்லை உண்டு. யார் என்று அடையாளம் சொல்லும் வாக்கியத்தில் மட்டுமே திஸ் தனியாக ஆளைக் குறிக்கும். 'இவர் சொன்னார்' என்பதற்கு 'திஸ் டோல்ட் மீ' என்று சொல்ல முடியாது. 'திஸ் மேன் டோல்ட் மீ' என்று பெயரைச் சேர்க்க வேண்டும்.

போனில் என்ன சொல்வது?

உங்களைச் சொல்ல 'திஸ் இஸ் ரவி' அல்லது 'திஸ் இஸ் ரவி ஸ்பீக்கிங்'. எதிரில் இருப்பவர் யார் என்று கேட்க அமெரிக்கர்கள் 'ஹூ இஸ் திஸ்?' என்பார்கள், பிரிட்டனில் 'ஹூ இஸ் தட்?' என்று கேட்பது வழக்கம். ஒரே குரலை ஒருவர் பக்கத்தில் இருப்பதாகவும் மற்றவர் தூரத்தில் இருப்பதாகவும் பார்க்கிறார். இரண்டும் சரி.

'இஸ் திஸ் யுவர் பென்?' என்று கேட்டால் 'யெஸ், திஸ் இஸ்' என்று பதில் சொல்லலாமா?

'யெஸ், இட் இஸ்' என்பதே இயல்பு. சுட்டு ஒரு முறை பொருளைக் காட்டிவிட்டால் அதன் வேலை முடிந்தது. அதன் பிறகு திஸ், தட் இரண்டுக்கும் 'இட்', தீஸ், தோஸ் இரண்டுக்கும் 'தே'. 'ஆர் தோஸ் யுவர் கீஸ்?' என்ற கேள்விக்கு 'நோ, தே ஆர்ன்ட்'. வாக்கியத்தின் முடிவில் சேர்க்கும் குட்டிக் கேள்விக்கும் இதே கணக்கு: 'திஸ் இஸ் யுவர் சீட், இஸ்ன்ட் இட்?', 'தோஸ் ஆர் யுவர் கீஸ், ஆர்ன்ட் தே?'

எவ்வளவு தூரம் வரை திஸ், எங்கிருந்து தட்?

அளவுகோல் எதுவும் கிடையாது. பேசுகிறவர் தன் வட்டத்துக்குள் இருப்பதாக நினைப்பது திஸ், வெளியே இருப்பதாக நினைப்பது தட். இரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் என் கையில் இருப்பது எனக்கு 'திஸ்', உங்கள் கையில் இருப்பது எனக்கு 'தட்'. தொட முடிகிற பொருள் திஸ், விரல் நீட்டிக் காட்ட வேண்டிய பொருள் தட் என்று ஆரம்பத்தில் வைத்துக்கொள்ளலாம்.

காலத்திலும் இந்தத் தூரம் உண்டு. நடந்துகொண்டிருப்பது திஸ், முடிந்தது தட். பாட்டு ஓடும்போது 'திஸ் இஸ் பியூட்டிஃபுல்' என்பார்கள். பாட்டு முடிந்த நொடியில் அதே ஆள் 'தட் வாஸ் பியூட்டிஃபுல்' என்பார். மனசிலும் உண்டு. பிடிக்காத ஒன்றைத் தள்ளி நிறுத்த 'ஐ டோன்ட் வாண்ட் தட் திங் இன் மை ரூம்' என்பார்கள், பொருள் பக்கத்திலேயே இருந்தாலும். 'அந்த ஆள் பேச்சை எடுக்காதே' என்று நாம் சொல்வதில் உள்ள 'அந்த'வும் அதுதான். இந்த விஷயத்தில் நம் காதை நம்பலாம். தமிழில் 'இ' வருகிற இடத்தில் பெரும்பாலும் திஸ், 'அ' வருகிற இடத்தில் தட்.

'டுடே மார்னிங்' சரியா?

'இன்று காலை' என்பதன் நேர்மொழிபெயர்ப்பு அது. ஆங்கிலத்தில் 'திஸ் மார்னிங்', 'திஸ் ஆஃப்டர்நூன்', 'திஸ் ஈவினிங்'. இரவு வந்தால் மட்டும் 'டுநைட்'. நேற்று இரவுக்கு 'லாஸ்ட் நைட்'. திஸ் வந்துவிட்டால் முன்னால் 'இன்', 'ஆன்' எதுவும் வேண்டாம்: 'ஐ மெட் ஹர் திஸ் மார்னிங்'.

இப்போதெல்லாம் என்பதற்கு 'தீஸ் டேஸ்', அந்தக் காலத்தில் என்பதற்கு 'இன் தோஸ் டேஸ்'. முதலாவதில் 'இன்' இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. 'ஒன் ஆஃப் தீஸ் டேஸ்' என்றால் சீக்கிரத்தில் ஒருநாள் என்று பொருள். 'நாளைக்கு இதே நேரம்' என்பது 'திஸ் டைம் டுமாரோ'.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு 'இது' என்று திரும்பக் குறிக்க இட், திஸ், தட் மூன்றில் எது?

மூன்றும் வரும், பொருள் கொஞ்சம் கொஞ்சம் மாறும். 'இட்' வெறுமனே தொடர்ந்து பேசும். 'திஸ்' சொன்னதை மேசை மேல் எடுத்து வைத்து, இன்னும் பேசப்போகிறேன் என்று காட்டும். 'தட்' பேச்சை முடித்துவைக்கும், அல்லது மற்றவர் சொன்னதைச் சுட்டும். நண்பர் ஒரு யோசனை சொன்னால் 'தட் இஸ் எ குட் ஐடியா' என்பதுதான் இயல்பு. இனிமேல் சொல்லப்போவதைச் சுட்ட திஸ் மட்டுமே வரும்: 'லிசன் டு திஸ்'. பேசி முடித்தவர் சொல்வது 'தட் இஸ் ஆல்'.

எழுதும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டு மூன்று விஷயங்களை அடுக்கிவிட்டு அடுத்த வாக்கியத்தை வெறும் 'திஸ்' என்று ஆரம்பித்தால் எதைச் சொல்கிறீர்கள் என்று படிக்கிறவருக்குத் தெரியாது. 'திஸ் டிலே', 'திஸ் டிசிஷன்' என்று பக்கத்தில் ஒரு பெயரைப் போட்டுவிடுங்கள். அலுவலகக் கடிதங்களைத் திருத்தும்போது நான் அதிகம் சேர்ப்பது இந்த ஒரு சொல்லைத்தான்.

'தட் ஆஃப்', 'தோஸ் ஆஃப்' எங்கே வரும்?

ஒப்பிடும்போது. 'மலையின் தட்பவெப்பம் சமவெளியைவிடக் குளிர்ச்சியானது' என்று தமிழில் சொன்னால் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் தட்பவெப்பத்தைத் தட்பவெப்பத்தோடுதான் ஒப்பிட வேண்டும், சமவெளியோடு ஒப்பிடக் கூடாது. 'தி க்ளைமேட் ஆஃப் தி ஹில்ஸ் இஸ் கூலர் தேன் தட் ஆஃப் தி ப்ளெயின்ஸ்'. அந்த 'தட்' க்ளைமேட்டுக்குப் பதிலாக நிற்கிறது. பன்மை என்றால் தோஸ்: 'தி லீவ்ஸ் ஆஃப் திஸ் ட்ரீ ஆர் பிக்கர் தேன் தோஸ் ஆஃப் தட் ட்ரீ'. இங்கே தூரம் பக்கம் என்ற கணக்கே கிடையாது. திஸ், தீஸ் வரவே வராது. போட்டித் தேர்வுகளில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளுக்கு ஏற்ற இடம் இது, கவனமாக இருங்கள்.

'தோஸ் ஹூ' என்பதில் யாரைச் சுட்டுகிறார்கள்?

யாரையும் விரல் நீட்டிச் சுட்டவில்லை. 'எவரெல்லாமோ அவர்கள்' என்று பொருள். 'தோஸ் ஹூ ஃபினிஷ் எர்லி மே லீவ்': சீக்கிரம் முடிக்கிறவர்கள் கிளம்பலாம். இதில் 'தீஸ் ஹூ' கிடையாது, ஒருமையில் 'தட் ஹூ'வும் கிடையாது. ஒருவரைப் பற்றி என்றால் 'எனிஒன் ஹூ' என்று சொல்லுங்கள்.

தட் எல்லா இடத்திலும் வருகிறதே, எல்லாமே சுட்டுதானா?

இல்லை. 'ஐ நோ தட் ஹி இஸ் பிஸி' என்பதில் வரும் தட் நம் 'என்று' போன்றது. 'தி புக் தட் ஐ பாட்' என்பதில் வரும் தட், 'நான் வாங்கிய புத்தகம்' என்பதில் உள்ள பெயரெச்ச வேலையைச் செய்கிறது. இந்த இரண்டையும் பேச்சில் மெலிதாக, விழுங்கிவிட்டுச் சொல்வார்கள். பல நேரம் விட்டும்விடுவார்கள். சுட்டாக வரும் தட்டுக்கு எப்போதும் முழு அழுத்தம் உண்டு, அதை விட முடியாது. 'ஹி செட் தட் தட் பென் வாஸ் ஹிஸ்' என்ற வாக்கியத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. முதல் தட் மெலிது, இரண்டாவது அழுத்தம். தீஸ், தோஸ் வைத்து மாற்றிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: பெயரைப் பன்மையாக்கினால் 'தட் தோஸ் பென்ஸ்' ஆகும், முதல் தட் அசையாது.

'திஸ் பிக்', 'தட் டிஃபிகல்ட்' என்கிறார்களே?

'இவ்வளவு', 'அவ்வளவு' என்ற பொருள். கையால் அளவு காட்டிக்கொண்டே 'தி ஃபிஷ் வாஸ் திஸ் பிக்' என்பார்கள். 'இட் இஸ் நாட் தட் டிஃபிகல்ட்' என்றால் அவ்வளவு கஷ்டமில்லை. பேச்சுக்கு உரிய வழக்கு. தீஸ், தோஸ் இப்படி வராது.

'திஸ் ஒன்' போல 'தீஸ் ஒன்ஸ்' சொல்லலாமா?

பேச்சில் கேட்கலாம். எழுத்தில் வெறும் 'தீஸ்' போதும். நடுவில் அடைமொழி வந்தால் ஒன்ஸ் கட்டாயம்: 'தீஸ் ரெட் ஒன்ஸ்'.

ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது திஸ் எப்போதும் தட்டாக மாற வேண்டுமா?

பள்ளியில் திஸ் என்றால் தட், தீஸ் என்றால் தோஸ், ஹியர் என்றால் தேர் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். தேர்வுக்கு அது உதவும். ஆனால் அந்த மாற்றத்துக்குக் காரணம் இடமும் நேரமும் மாறியிருப்பதுதான். அவள் சொன்னது 'ஐ லைக் திஸ் ஹவுஸ்'. நான் வேறிடத்தில் இருந்து அதைச் சொன்னால் 'ஷி செட் ஷி லைக்ட் தட் ஹவுஸ்'. அதே வீட்டுக்குள் நின்றுகொண்டு சொன்னால் 'ஷி செட் ஷி லைக்ட் திஸ் ஹவுஸ்' என்பதே சரி. தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்வோம்.

தமிழில் அ, இ தவிர 'உ' என்ற சுட்டும் உண்டே. ஆங்கிலத்தில் அப்படி மூன்றாவது இருக்கிறதா?

தமிழ் இலக்கணம் அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்கிறது. 'உ' பக்கமும் இல்லாத தூரமும் இல்லாத நடு இடத்துக்கானது. யாழ்ப்பாணத் தமிழில் 'உது', 'உவன்' என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்திலும் 'யான்' என்று மூன்றாவது ஒன்று இருந்தது, 'யாண்டர்' என்பது அதன் உறவு. ஆனால் அது நடு இடத்தைக் குறிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், 'அதோ' என்று காட்டுகிற இடத்தைக் குறித்தது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வட பகுதியிலும் பேச்சுவழக்கில் இன்னும் கேட்கலாம். பொது ஆங்கிலத்தில் அந்த வேலையை 'தட் ஒன் ஓவர் தேர்' எடுத்துக்கொண்டது. பழைய கவிதைகளில் யான், யாண்டர் கண்ணில் பட்டால் 'அதோ அந்த' என்று படித்துக்கொள்ளுங்கள்.